தம்பி வைத்த போர்ட்

தம்பி இறந்த பிறகு அச்சகத்தின் பின்னறை பூட்டியே கிடந்தது. கணக்கு மென்பொருள் இன்று கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த சர்வருக்கு, மாறுகிறது. முன்னறைக் கணினியில் மருமகள் இணைப்பை அமைத்துக்கொண்டிருந்தாள்; செய்தி வந்துபோகும் வாசலான போர்ட்டுக்கு ஓர் எண் கொடுக்க வேண்டியிருந்தது.

"எல்லாரும் வைக்கிற போர்ட் நம்பரே போதும், மாமா."

"எல்லாரும் வைக்கிறது நமக்கெதுக்கு? என் தம்பி வச்ச நம்பரைப் போடு," என்றார் பெரியவர்.

வாடிக்கையாளர் முன்னால் அண்ணனைக் கூவி அழைப்பது அந்த வீட்டில் மரியாதை இல்லை. அதனால் தம்பி பின்னறையில் டீ போட்டதும், அந்த போர்ட் வழியாகத்தான் அவருடைய திரைக்குச் செய்தி அனுப்புவான். கூப்பிட்ட உடனே எழுந்தால் தன் மதிப்பு என்னாவது என்று பெரியவர் சாவகாசமாகத்தான் போவார். கடைசிவரை ஆறிய டீயைத்தான் குடித்தார்.

மருமகள் அந்த எண்ணைப் போட்டு, "சோதனை" என்று தட்டி அனுப்பினாள்.

பதில் வந்தது: "அண்ணே, டீ ஆறுது."

"இதெப்படி மாமா? இந்த சர்வரையே இன்னைக்குக் காலையிலதானே புதுசா வாடகைக்கு எடுத்தோம்!"

பெரியவர் அதற்குள் சாவியோடு எழுந்துவிட்டார். செருப்பைக்கூடப் போடவில்லை.

பின்னறை மேசையில், தட்டால் மூடிய டம்ளர் ஒன்று இருந்தது. தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார்.

முதல் முறையாக, தம்பி போட்ட டீ நாக்கைச் சுட்டது.