பச்சை காட்டிய பிறகு

நாத்தனாரின் பேரைத் திரையில் பார்த்ததும் இவள் நாற்காலியை மேசைப்பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

மதிய நேரம். பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள்.

மருத்துவமனைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் அலுவலகம் அது. யார் எதை மாற்றி எழுதினாலும் முதலில் வாத்தியாரிடம் போக வேண்டும். வாத்தியார் ஆள் இல்லை, ஒரு புரோகிராம். என்ன வேலை வேண்டும் என்று எழுதித் தரும் டிக்கெட்டில் என்னென்ன கேட்டிருக்கிறது என்று படிக்கும். எழுதி வந்த கம்ப்யூட்டர் கோடில் அதெல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும். இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

பச்சைக்குப் பிறகு ஒரு மனுஷர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த மனுஷர் இவள்.

நாத்தனார் அனுப்பியதற்கு மேலிருந்து கீழ்வரை பச்சை.

இந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டதே இவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில், படித்துவிட்டு வீட்டில் இருந்த கணவனின் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து, இன்டர்வியூவுக்கு அனுப்பினாள்.

இப்போது அவள் டீம் லீட். இவள் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். கனமான வேலை எது வந்தாலும் நாத்தனார் பேரில்தான் வருகிறது. மானிட்டரின் எழுத்து அளவைப் பெரிதாக்குவது, தேதியின் வடிவத்தை மாற்றுவது எல்லாம் மற்றவர்கள் பேரில்.

வீட்டிலும் அதே கதை. "எவ்வளவு பொறுப்பு, களைச்சுப்போய் வர்றா" என்று மாமியார் மகளின் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பார். அதே அலுவலகத்திலிருந்து அதே காரில் வந்து இறங்கும் மருமகளுக்குக் களைப்பே வராது போலிருக்கிறது.

சாப்பிட வரச்சொல்லி யாரோ தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். இவள் எழுந்திருக்கவில்லை. வயிறு எரிந்தது. அது பசி இல்லை என்று அவளுக்கே தெரியும்.

டிக்கெட்டைத் திறந்தாள். நோயாளிக்கு ஒரு மருந்து அலர்ஜி என்று பதிவாகியிருந்தால், அதை நர்ஸ் தேர்ந்தெடுத்ததும் எச்சரிக்கை வர வேண்டும். எச்சரிக்கையைப் படித்ததாக நர்ஸ் உறுதி செய்யாமல் மேலே போக முடியக் கூடாது. கேட்டது அவ்வளவுதான். அவ்வளவும் கோடில் இருந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனாள். பேர் வைத்திருக்கும் விதத்தில்கூட ஒரு குற்றம் அகப்படவில்லை. எரிச்சல் கூடியது.

மூன்றாவது தடவை படிக்கும்போது ஒரு வரியில் நின்றாள்.

அலர்ஜி விவரம் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டும். அது வந்துசேரத் தாமதமானால் இந்த வரி காத்திருக்காது. அலர்ஜி எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

எச்சரிக்கை வராது. நர்ஸ் ஊசி போட்டுவிடுவார்.

தாமதமானால் என்ன செய்வது என்று டிக்கெட்டில் யாரும் எழுதவில்லை. எழுதாததை வாத்தியார் பார்க்காது.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம்.

டீம் மொத்தமும் பார்க்கும்படி எழுதினாள். எந்த வரி, என்ன ஆகும், யார் சாகலாம் என்று விலாவாரியாக. கடைசியில், "டீம் லீட் எழுதியதில் இதை எதிர்பார்க்கவில்லை" என்று சேர்த்தாள். அந்த வாக்கியத்தை ஒருமுறை அழித்தாள். மறுபடி எழுதி அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் எழுந்து வருவது கண்ணாடித் தடுப்பில் தெரிந்தது. அந்த முகம் சுண்டிப்போயிருப்பதைப் பார்க்க வேண்டும் என்று இவள் சாவகாசமாகத் திரும்பினாள்.

அவள் முகத்தில் நிம்மதி.

"நல்லவேளை அண்ணி" என்றாள். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இதை எப்படி நீ விட்டே?"

"இது நான் எழுதினது இல்ல. புதுசா சேர்ந்த பொண்ணு எழுதினது. நானும் பார்த்தேன், எனக்குத் தெரியல."

"அப்புறம் ஏன் உன் பேர்ல அனுப்பினே?"

நாத்தனார் சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"மத்தவங்க பேர்ல வந்தா, பச்சையைப் பார்த்ததும் நீங்க திறக்காமலே ஓகே பண்ணிடறீங்க அண்ணி."

இவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

அவள் சொன்னது குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. வெயிலாக இருக்கிறது, குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல இருந்தது.

"யார் எழுதினதுன்னு மேனேஜருக்கு நான் தனியா சொல்லிடறேன். ரொம்ப நாளா இப்படித்தான். உசுரு சம்பந்தப்பட்டது எது வந்தாலும் என் பேர்ல போட்டுடுன்னு அவர்தான் சொன்னார்."

சாப்பிடப் போனவர்கள் சிரித்துப் பேசியபடி திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யார் யாருக்கெல்லாம் இது தெரியும் என்று இவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

நாத்தனார் எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளினாள்.

"சாப்பிட்டு வாங்க அண்ணி. அவசரம் இல்ல. அடுத்து ரத்த வங்கி வேலை ஒண்ணு வருது" என்றாள். "அதையும் என் பேர்லயே அனுப்பறேன்."