காலி நாற்காலிக்கு ஒரு மாத்திரை

சாப்பாட்டு மேசையில் ஜன்னலோரம் மாமியார், எதிரே மகன், சமையலறை வாசலை ஒட்டி மருமகள். நான்காவது நாற்காலி, போன மாதம் இறந்த மாமனாருடையது. அதில் யாரும் உட்காருவதில்லை. ஆனாலும் துடைக்கப்போனால் வெதுவெதுப்பாக இருக்கிறது. காலை வெயில்தான் காரணம் என்று மருமகள் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். அந்த நாற்காலிக்கு எதிரே மாமியார் ஒரு தட்டில் செம்பழுப்பு நிறக் கோஎன்சைம் மாத்திரையையும், பக்கத்தில் ஒரு டம்ளர் பாலையும் வைக்கிறாள். இதயத்துக்கு நல்லதென்று மாமனார் தினமும் சாப்பாட்டோடு விழுங்கிவந்தது. மாதாமாதம் புட்டி அனுப்பும் கடைக்கு, இனி வேண்டாம் என்று மருமகள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். "நின்னுபோன இதயத்துக்கு எதுக்கும்மா சத்து மாத்திரை?" என்று மகன் சிரிக்கிறான். "சிரிடா, நல்லாச் சிரி. இதை நிறுத்தினா உங்கப்பா நிஜமாவே போயிடுவார்." "அத்தை, வெளியில தெரிஞ்சா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று நிமிர்ந்த மருமகளின் பேனா அப்படியே நிற்கிறது. மூன்று பேர் கைகளும் மேசைமேல்தான் இருக்கின்றன. தட்டில் மாத்திரை இல்லை. டம்ளரில் பால் மெல்ல இறங்கி, பாதியில் நிற்கிறது. யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். செருமியது மகன் இல்லை. "மெதுவாங்க, புரையேறப்போகுது" என்கிறாள் மாமியார், நாற்காலியைப் பார்த்து.

மருமகள் 'வேண்டாம்' என்பதை அடித்துவிட்டு, 'தவறாமல் அனுப்பவும்' என்று எழுதுகிறாள். உறையை ஒட்டிக் கணவன் கையில் திணிக்கிறாள். "ஓடுங்க, தபால் எடுக்கறதுக்குள்ள போட்டுட்டு வாங்க."