கட்டாயமில்லாத பதினான்கு

நேற்றுதான் வேலையில் சேர்ந்த டெக்னீஷியன், தன் இடத்தில் இருந்தபடியே ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் லினக்ஸை அப்டேட் செய்து முடித்தான். நடுவில், "இந்தப் பதினான்கு சாஃப்ட்வேர்களும் கட்டாயமில்லை, நீக்கிவிடலாமா?" என்று அது கேட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' தட்டியிருந்தான்.

பத்தே நிமிடத்தில் மூன்றாம் மாடியிலிருந்து மேலாளரின் போன்.

"தம்பி, என் கம்ப்யூட்டர் பேச்சுமூச்சில்லாம கெடக்கு. பதினோரு மணிக்குள்ள ஒப்பந்தத்தைப் படிச்சாகணும்."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, மேடம்."

"மூணு தடவை பண்ணியாச்சு."

பிளக்கைச் செருகத் தெரியாதவர்களெல்லாம் மேலாளர்! முணுமுணுத்தபடியே மாடியேறினான். ஜன்னல் திரைகளை மூடி, விளக்கும் போடாமல் மேலாளர் உட்கார்ந்திருந்தார். எதிரே கம்ப்யூட்டர் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"நல்லாத்தானே ஓடுது, மேடம்? ஸ்கிரீன்ல ஒப்பந்த ஃபைல்கூடத் தெரியுதே!"

"அப்படியா? அப்டேட்ல எதையாவது எடுத்தீங்களா?"

"யாருக்கும் தேவைப்படாததை மட்டும்தான்."

மேலாளர் கையால் துழாவி, பக்கத்து நாற்காலியில் சாய்த்திருந்த வெள்ளைக் கோலை எடுத்து அவனுக்கு இடம்விட்டார்.

"உட்காருங்க. எனக்கு வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேரைத் திரும்பப் போடுற வரைக்கும் நீங்களே சத்தமா வாசிங்க. நாப்பது பக்கம்தான். அது நடுவுல தண்ணிகூடக் கேக்காது."