இரண்டு சைஸ் பெரியது

மார்கழிக் காலை. அவிநாசிபாளையத்து லைன் வீடுகளின் சுவரில் வெயில் இப்போதுதான் ஏறுகிறது. குளிர் எப்படியென்றால், என் நிழல்கூட வெளியே வர மறுத்து அறைக்குள் சுருண்டு கிடக்கிறது. பிறகு போய் அழைத்துவர வேண்டும். பக்கத்து வாசலில் விஜயராணி ஸ்டூல்மேல் நின்று, கம்பெனியில் கிடைத்த பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டிச் சுருட்டி, சுவருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் நடுவிலுள்ள சந்தில் அடைக்கிறாள். சிவப்பு, நீலம், ரோஸ். "ஏனுங்க அம்மிணி, கூரைக்குப் போர்த்தி உடறீங்களா?" என்கிறேன். "ஆமா தாத்தா, அதுக்கும் குளிரும்ல" என்கிறாள். செல்போன் அடிக்கிறது. போடியில் விஜயராணியின் தங்கச்சி வீட்டில் தங்கிப் படிக்கும் அவள் மகள். சட்டென்று இறங்குகிறாள். எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்ட ஸ்வெட்டர் ஒன்றை மலிவாக வாங்கி, அடுத்த வருஷமும் போடட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாகவே அனுப்பியிருந்தாள். "வந்துருச்சா தங்கம்? கதகதன்னு இருக்கா? கை தொங்கும், மடிச்சு விட்டுக்க." அந்தப் பிள்ளையின் குரலுக்குப் போனே தேவையில்லை, எனக்கும் கேட்கிறது. "மடிக்க வேண்டாம்மா. சரியா இருக்கு." விஜயராணி சிரிக்கிறாள். "அப்படியா" என்கிறாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தன் இடுப்பருகே, கடைசியாகப் பார்த்தபோது மகளின் தலை இருந்த உயரத்தில் நீட்டுகிறாள். கை கொஞ்சம் மேலேறுகிறது. இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வெயிலில் அப்படியே நிற்கிறது.