மூன்று படங்களிலும்

பிள்ளைகள் கேட்கும் பொம்மையை பிரிஸில்லா உடனே வாங்குவதில்லை. அதோடு அவர்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வாள். படம் பிடித்ததும் பாதி ஆசை அடங்கிவிடும். கிளம்பும்போது படங்களைப் பார்த்து ஆளுக்கொன்று வாங்கலாம். திருவனந்தபுரத்துக் கேளிக்கைப் பூங்காவின் வாசல் கடையில், சாயங்கால வெயில் கண்ணாடியில் எரிய, இப்போது போனில் படங்களைத் தள்ளிப் பார்க்கிறாள். தொப்பி, குமிழித் துப்பாக்கி, டால்பின். மூன்று படங்களிலும் பின்னால் அதே சாம்பல் சட்டைக்காரன். பொம்மையைப் பார்க்கவில்லை, மகள் ஆர்ஷாவையே பார்க்கிறான். “இது ஆரு மக்களே?” “அந்த மாமனா? டால்பின் வாங்கித் தரும்னு பறஞ்சு” என்கிறாள் மகள். “அப்போ எனக்கு?” என்று லிபின் சிணுங்குகிறான். இருவரின் மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்தபடி நிமிர்கிறாள். கல்லாவருகே சாம்பல் சட்டை. கடைப்பெண் டால்பினைப் பளபளக்கும் தாளில் சுற்றிவிட்டுப் பேனாவை எடுக்கிறாள். “பேரு எழுதணுமோ சாரே?” அவன் திரும்பாமலே சொல்கிறான்: “ஆர்ஷா.”