போக மூணு, வர ரெண்டு

"திரும்பி வரும்போது நீயும் நானும்தான் இருசப்பா. கெழவி வர மாட்டா" என்று காதோரம் சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினான் அன்பரசன்.

மாமல்லபுரத்தில் டீக்கடை வாசல். இருசப்பன் வாயிலிருந்த டீயைத் துப்பினான். திருவண்ணாமலை ஸ்டாண்டில் அம்பாசிடர் ஓட்டுகிறவன், பிணத்தைக்கூட ஏற்றிப் போயிருக்கிறான். இப்படி ஒரு சவாரி அவனுக்கு வாய்த்ததில்லை.

"இன்னா சார் பேசறீங்க? பெத்த தாயி!"

"அடி அண்ணாமலையில இருக்கற வூட்ட வெள்ளைக்காரங்களுக்கு வாடகைக்கு வுடலாம்னா, உசுரு இருக்கற வரைக்கும் வாசப்படி தாண்ட மாட்டேன்னு குந்திக்கினு இருந்தா. இப்ப அவளே கடலோரமா ஊரு ஊரா பாக்கணும்னு கேட்டா. வசதியாப் போச்சி. எதுனா ஒரு கோயிலாண்ட எறக்கி உள்ள அனுப்பறேன், நீ வண்டிய எடு."

தூ! இவனெல்லாம் ஒரு பிள்ளை! அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். வாடகை பேசி வந்துவிட்டோமே என்று வாயை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்த தன்னையே இருசப்பன் திட்டிக்கொண்டான்.

பின் சீட்டில் அவனைப் பெற்ற ஜோதியம்மாள் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கடலைப் பார்த்தபடி வந்தாள். புதிதாகப் போட்ட ரோடு, இடது பக்கம் நீலமாகத் தண்ணீர், சவுக்குத் தோப்பு, உப்பளம். கண்ணுக்கு அத்தனை குளிர்ச்சி. ஆனால் முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜென்மம் அப்படியா இருந்தது?

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கோட்டையை அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மகன் அந்தச் சுவரில் ஒன்றுக்குப் போனான். புதுச்சேரியில் அவள் மஞ்சள் பூசிய பழைய வீடுகளைத் தெருத் தெருவாகப் பார்த்து வந்தாள். அவன் பிராந்திக் கடையை விட்டு நகரவே இல்லை.

கடலூர் தாண்டியதும் சீட்டிலேயே வாந்தி எடுத்தான். புளித்த பிராந்தியும் மீன் வறுவலும் கலந்த நாற்றம். இருசப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினான். "சனியனே, பாத்துக்கினு இருக்கியே, தொடையேன்!" என்று தாயின் மேலேயே எரிந்து விழுந்தான் மகன்.

ஜோதியம்மாள் தன் முந்தானையாலேயே துடைத்தாள். பிறகு டிக்கியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து அவனுக்கு மாற்றுச் சட்டை எடுத்தாள். பெட்டி முழுக்கத் தேய்த்து மடித்த சட்டைகள், லுங்கி, சவரக் கத்தி, அடியில் கனமாக ஒரு ஸ்வெட்டர். அவளுடைய மாற்றுப் புடவை மட்டும் அந்த மஞ்சள் பையில்தான் இருந்தது.

"மூணு நாள் டூருக்கு ஸ்வெட்டர் எதுக்கும்மா? அதுவும் சித்திர வெயில்ல?" என்றான் இருசப்பன்.

"இருக்கட்டும்பா. கார்த்திக பொறந்தா அவனுக்கு சளி புடிச்சிக்கும்."

இருசப்பனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. செல்லம் கொடுத்துக் கொடுத்தே கெடுத்த மகராசி! அவன்மேல் இருந்த அருவருப்பில் பாதி இப்போது அவள்மேலும் திரும்பியது.

தரங்கம்பாடி வந்தது. பழைய கோட்டை, பக்கத்திலேயே அலை அரித்த சிவன் கோயில். அன்பரசன் ஊரை ஒரு சுற்றுப் பார்த்துத் தலையாட்டினான்.

"யம்மா, சாமி கும்புட்டுட்டு வா. நாங்க இங்கியே இருக்கறோம்."

அவள் கோயிலுக்குள் போனதும், "கொஞ்சம் தொண்டைய நனைச்சிட்டு வரேன், உடனே கெளம்பிடலாம்" என்று பாட்டிலோடு கோட்டைச் சுவர் நிழலுக்குப் போனான். வெறும் வயிற்றில் மிச்சத்தையும் ஊற்றிக்கொண்டு அங்கேயே மல்லாந்தான். வாயோரம் எச்சில் வழிய, ஈ மொய்க்கக் குறட்டை விட்டான்.

இருசப்பன் வண்டிச் சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். என்ன ஆனாலும் சரி, இந்த அம்மாவை விட்டுவிட்டு வண்டி நகராது. அவன் எழுந்து குதித்தால் குதிக்கட்டும்.

நெற்றியில் விபூதியோடு ஜோதியம்மாள் வெளியே வந்தாள். இருசப்பனுக்கு அடக்க முடியவில்லை.

"யம்மா, சொல்லவே நாக்கு கூசுது. அந்த ஆளு உங்கள இங்கியே வுட்டுட்டுப் போவப் பாக்கறாரு."

அவள் அதிரவில்லை. "வூட்லயே தெரியும்பா. பெட்டிய எறக்கு" என்றாள்.

இருசப்பனுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "நல்லா இருக்குதும்மா! அவன் குப்ப மாதிரி வீசிட்டுப் போறான், நீங்க பெட்டியோட எறங்கிக்கறீங்களா? சீ! ஒரு ரோஷம் வேணாம்? நான் எறக்க மாட்டேன்!"

"எறக்குப்பா, நேரமாவுது."

பேசிப் பயனில்லை என்று டிக்கியைப் படாரென்று திறந்தான். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்கவும் பிடிக்காமல் கேட்டான். "எங்க வெக்கணும்? கோயில் வாசல்லியா?"

ஜோதியம்மாள் கார்க் கதவைத் திறந்து, மஞ்சள் பையோடு ஏறி உட்கார்ந்தாள்.

"அவன் தலமாட்டுல வெச்சிட்டு வா, வூட்டுக்குப் போவலாம்."