தொங்கும் தொட்டிகள்

கணவர் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, வாசலில் தொங்கும் ஆறு பூந்தொட்டிகளுக்கும் அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. இருபத்தெட்டு வருடம் அவளை ஏறெடுத்தும் பாராமல் அந்தச் செடிகளைச் சீராட்டிய மனிதர் அவர். கோடை கொளுத்தியும் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்தன.

"எங்க வீட்டுல எல்லாம் கருகிப்போச்சு. நீங்க மட்டும் எப்படிக்கா காப்பாத்துறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நான் எங்க காப்பாத்துறேன்? காஞ்சு தொலையட்டும்னுதான் விட்டிருக்கேன்."

தொட்டிகளின் அடியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் அவள் காய்ச்சலில் விழுந்தாள். மூன்றாம் நாள் காலை எழுந்திருக்கத் தெம்பில்லை. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே பூவாளியிலிருந்து நீர் விழும் சத்தம் கேட்டது. வீம்பை விட்டுக் கூப்பிட்டாள்.

"என்னங்க... எனக்கும் கொஞ்சம் தண்ணி குடுங்க."

சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த தொட்டியில் தொடங்கியது.